ஈரத்தால் பிழைத்த அரண்மனை: கிராய்டன் பற்றி வாசகர் கேள்விகள்

தெற்கு லண்டனில், இங்கிலாந்துத் திருச்சபையின் தலைமைக் குருவான காண்டர்பரி பேராயரின் லாம்பெத் அரண்மனையிலிருந்து ஏறத்தாழ 10 மைலில் இருக்கிறது கிராய்டன். காண்டர்பரி பேராயர்கள் ஐந்நூறு ஆண்டுக்கு மேல் கோடைக்குக் கோடை வந்து தங்கிய பழைய அரண்மனை அங்கே இன்னும் நிற்கிறது. பிள்ளைகள் லண்டன் பக்கம் குடியேறிவிட்ட வாசகர்கள் பலர் அதைப் பார்த்துவிட்டும், பார்க்க முடியாமல் திரும்பியும் கேள்விகள் எழுதியிருக்கிறார்கள். இந்த முறை பகுதி முழுக்க அவற்றுக்கே.

பாளையங்கோட்டை வாசகர்: எங்கள் ஊரில் பிஷப் இருக்கும் இடத்தை பிஷப் ஹவுஸ் என்றுதான் சொல்கிறோம். அங்கே மட்டும் எதற்கு அரண்மனை? அதுவும் ஒரே பேராயருக்கு நாலைந்து?

இடைக்காலக் காண்டர்பரி பேராயரை வெறும் குருவானவராக நினைத்தால் கணக்கு இடிக்கும். அரசருக்கு முடிசூட்டுபவர் அவர். பிரபுக்கள் சபையில் உட்காருபவர். பல நேரங்களில் லார்டு சான்சலர் என்ற தலைமை அமைச்சரும் அவரே. கிராய்டனின் பெரிய மண்டபத்தோடு பெயர் சேர்ந்திருக்கும் ஜான் ஸ்டாஃபோர்டு 1432 முதல் 1450 வரை சான்சலராக இருந்தவர். எல்லாவற்றுக்கும் மேலே, பெரிய நிலச்சுவான்தார்.

அந்த நிலம் கென்ட், சரே, சசெக்ஸ் என்று சிதறிக் கிடந்தது. வருமானத்தில் பெரும்பங்கு தானியமாகவும் ஆடுமாடாகவும் வரும். சேறும் சகதியுமான பாதையில் மூட்டைகளை ஒரே இடத்துக்கு வண்டி கட்டிக் கொண்டுவருவதைவிட, சாப்பிடுகிறவர்கள் மூட்டை இருக்கும் இடத்துக்குப் போவது சுலபம். எழுத்தர்கள், சமையல்காரர்கள், குதிரைக்காரர்கள் என்று நூற்றுக்கும் மேற்பட்டோர் பேராயரோடு ஊர் ஊராக நகர்ந்தார்கள். காண்டர்பரியிலிருந்து லண்டனுக்கு வரும் வழியில் சாரிங், மெய்ட்ஸ்டோன், ஆட்ஃபோர்டு, கிராய்டன், கடைசியில் லாம்பெத் என்று வீடுகள் வரிசையாக அமைந்ததற்கு அதுதான் காரணம்.

ஒரு வீடு வேண்டாமென்று தோன்றினால் அதன் கல்லைப் பிடுங்கி இன்னொன்றைக் கட்டுவார்கள். 14ஆம் நூற்றாண்டின் நடுவில் பேராயர் ஐஸ்லிப், ராத்தம் என்ற ஊரில் இருந்த அரண்மனையை இடித்து, அந்தக் கல்லைக் கொண்டுபோய் மெய்ட்ஸ்டோனில் கட்டிடத்தை முடித்தார்.

சென்னை வாசகர்: கண்ணில் பட்ட திருச்சபைச் சொத்தையெல்லாம் வாரிக்கொண்டவர் எட்டாம் ஹென்றி. கிராய்டனை மட்டும் எப்படி விட்டுவைத்தார்?

அங்கே தங்கினாலே அவருக்கு உடம்புக்கு ஆகாது. பதில் அவ்வளவுதான். ஆனால் அது வெளியே வந்த விதம் சுவையானது.

1530களின் பிற்பகுதியில் பேராயர் தாமஸ் கிரான்மரின் வீடுகள் ஒவ்வொன்றாக ‘பரிமாற்றம்’ என்ற பெயரில் அரசரிடம் போய்க்கொண்டிருந்தன. கலைக்கப்பட்ட மடங்களின் நிலம் கொஞ்சம் பதிலுக்கு வரும். பேரம் பேச முடியாது. மெய்ட்ஸ்டோனும் ஆட்ஃபோர்டும் 1537இல் போயின. நோல் மாளிகையையாவது காப்பாற்றிக்கொள்ளலாம் என்று கிரான்மர், ‘மாட்சிமைக்கு அது சின்ன வீடு’ என்று சொல்லிப் பார்த்தார். இந்த உரையாடலை எழுதி வைத்தவர் கிரான்மரின் செயலர் ரால்ஃப் மோரிஸ். ஹென்றி அசரவில்லை. ஆட்ஃபோர்டு தாழ்ந்த இடம், கிராய்டனைப் போலவே வாதம் பிடிக்க வைக்கும் ஈரம், கிராய்டனில் தங்கிய ஒரு தடவைகூட நான் நோயில்லாமல் இருந்ததில்லை, நோல்தான் நல்ல மேட்டுநிலம், நான் நோலில் படுத்துக்கொள்கிறேன், என் ஆட்களில் பெரும்பாலோர் ஆட்ஃபோர்டில் இருக்கட்டும் என்றாராம். 1538இல் நோலும் போனது.

பேராயர் பௌர்ச்சியர் 1456இல் 266 பவுன் 13 ஷில்லிங் 4 பென்ஸுக்கு வாங்கிய வீடு அது. பின்னாளில் சாக்வில் குடும்பத்துக்குப் போய், இன்று தேசிய அறக்கட்டளையின் பராமரிப்பில் இருக்கிறது. ஆட்ஃபோர்டின் கதி வேறு. பேராயர் வார்ஹம் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனைக்குச் சவால் விடும் அளவில் எழுப்பிய அந்த மாளிகையில் இன்று மிஞ்சியிருப்பது ஒரு கோபுரமும், பக்கத்தில் வரிசை வீடுகளாகிவிட்ட ஒரு துண்டுச் சுவரும்தான். அரசருக்குப் பிடிக்காததால் பேராயர்களிடமே தங்கிய கிராய்டன் இதைவிட எவ்வளவோ தேவலை.

கோவை வாசகர்: ஹாம்ப்டன் கோர்ட்டும் பேராயர் அரண்மனைதானே?

பேராயர் கட்டிய அரண்மனை. பேராயர் பீடத்தின், அதாவது அந்தப் பதவியின், அரண்மனை அல்ல. தாமஸ் வுல்சி யார்க் பேராயராக இருந்தாலும், ஹாம்ப்டன் கோர்ட் நிலம் 1514இல் அவர் தனிப்பட்ட முறையில் குத்தகைக்கு எடுத்தது. அதனால் அரசருக்குத் தூக்கிக் கொடுக்க முடிந்தது. லண்டனில் இருந்த யார்க் பிளேஸ் பீடத்தின் சொத்து. 1529இல் வுல்சி பதவி இழந்ததும் ஹென்றி அதைப் பிடுங்கியபோது, ‘கொடுப்பதற்கு இது என்னுடையதல்ல, யார்க் திருச்சபையுடையது’ என்று வுல்சி முனகியது சட்டப்படி சரியே. அந்த வீடுதான் ஒயிட்ஹால் அரண்மனையாயிற்று. பீடத்துச் சொத்தைப் பேராயர் தன் இஷ்டத்துக்கு விற்கவும் முடியாது. இந்த விதியை நினைவில் வையுங்கள். 1780க்கு வரும்போது தேவைப்படும்.

யாழ்ப்பாணம் வாசகி: ஸ்காட்லாந்து ராஜா ஒருவரை அங்கே சிறை வைத்திருந்ததாகப் படித்தேன். உண்மையா?

உண்மை. 1406இல் பிரான்சுக்குக் கப்பலேறிய சிறுவன் ஜேம்ஸை ஆங்கிலேயர்கள் நடுக்கடலில் பிடித்தார்கள். சில நாட்களிலேயே ஸ்காட்லாந்து மன்னரான தகப்பன் இறந்துபோக, கையில் இருந்த பையன் மன்னர் முதலாம் ஜேம்ஸ் ஆனார். 1424 வரை, 18 ஆண்டு, பல கோட்டைகளிலும் மாளிகைகளிலும் காவலில் இருந்தார். அதில் ஒன்று, பேராயர் தாமஸ் அருண்டெல் காலத்துக் கிராய்டன்.

இருட்டறை, சங்கிலி என்று கற்பனை செய்ய வேண்டாம். விருந்தாளிக்கு வாசலில் காவல் போட்டது போன்ற ஏற்பாடு அது. 1412 நவம்பர் கடைசி நாளில் டிரம்லான்ரிக் பிரபு வில்லியம் டக்ளஸுக்கு நிலங்களை உறுதிசெய்து ஜேம்ஸ் ஒரு சாசனம் எழுதிக் கொடுத்தார். ‘கிராய்டனில் என் சொந்தக் கையால் எழுதியது’ என்று அதிலேயே இருக்கிறது. சிறையில் இருந்துகொண்டே சாசனம் கொடுக்கும் உரிமை அவருக்கு இருந்தது. ஊருக்குப் போகும் உரிமைதான் இல்லை.

மதுரை வாசகி: முதலாம் எலிசபெத் ராணி படுத்திருந்த அறை என்று ஒன்றைக் காட்டுகிறார்களாம். நம்பலாமா?

வீட்டை நம்பலாம், குறிப்பிட்ட ஒரு சுவரைக் கைகாட்டினால் ஒரு புன்னகையோடு நகர்ந்துவிடுங்கள். பழைய மாளிகைகளில் பாதிக்கு இப்படி ஒரு ‘ராணி அறை’ உண்டு. கிராய்டனுக்கு அவர் பலமுறை வந்தது உறுதி. 1573இல் பேராயர் மேத்யூ பார்க்கர் ஏழு நாள் உபசரித்தார்.

அறைக் கதையைவிட அருமையான சான்று ஒரு காகிதம். 1574 மே மாதத்தில், ராணியின் பரிவாரத்துக்கு அறை ஒதுக்கும் வேலையில் இருந்த கறுப்புக் கோல் அலுவலர் பௌயர் எழுதிய பட்டியல் கிடைத்திருக்கிறது. பெரிய பிரபுக்களுக்குச் சிக்கலில்லை: ‘முன்பு இருந்த இடமே’. கீழே இறங்க இறங்க மனிதர் திணறுகிறார். கிறிஸ்டபர் ஹாட்டனை எங்கே வைப்பது என்று தெரியவில்லை என்கிறார். லேடி கேர்யூவுக்குக் கொடுக்கப் புகைபோக்கி உள்ள அறை எதுவும் இல்லை, மற்றப் பெண்களோடுதான் படுக்க வேண்டும். ஷெல்டன் அம்மாளுக்கும் புகைபோக்கி கிடையாது, அது இல்லாத ஓர் அறையைப் பிடித்து வைக்கிறேன். இந்த வீட்டில் என்னால் ஆனது இவ்வளவுதான் என்று முடிக்கிறார்.

புகைபோக்கி ஏன் இத்தனை பெரிய விஷயம்? அறைக்குள் நெருப்பு மூட்ட முடியுமா, முடியாதா என்பதுதான் அன்றைக்கு அறையின் தகுதி. மே மாதத்திலும் அந்த வீட்டுச் சுவர் சில்லென்றிருக்கும். வாதம் பிடிக்கும் என்று ஹென்றி சொன்னதும், புகைபோக்கி இல்லையே என்று பௌயர் கவலைப்பட்டதும் ஒரே சங்கதிதான்.

அறை கிடைக்காத ஹாட்டன் என்ன ஆனார் என்றும் சொல்லிவிடலாம். 1587இல் அவர் லார்டு சான்சலரானபோது, ராணி அந்தப் பதவிக்குரிய அரச முத்திரையை அவர் கையில் கொடுத்தது இதே கிராய்டன் அரண்மனையில், பேராயர் விட்கிஃப்ட் காலத்தில்.

திருச்சி வாசகர்: மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரில் என்ன ஆயிற்று?

பேராயர் வில்லியம் லாட் கிராய்டன் சிற்றாலயத்தைப் பழுது பார்த்தார், வண்ணக் கண்ணாடிகளைச் சீர் செய்தார். அதுவே அவருக்கு வினையானது. விசாரணையில், லாம்பெத்திலும் கிராய்டனிலும் படங்கள் கொண்ட கண்ணாடிகளைத் திரும்ப வைத்தது ரோமச் சபையின் வழி என்று குற்றம் சாட்டினார்கள். 1645 ஜனவரி 10 அன்று தலை போயிற்று. அரண்மனையை நாடாளுமன்றம் எடுத்துக்கொண்டது. பிறகு அங்கே குடியிருந்தவர் நாடாளுமன்றப் படைத் தளபதி வில்லியம் பிரெர்ட்டன். அவர் சிற்றாலயத்தைச் சமையலறையாக்கினார். 1660இல் முடியாட்சி திரும்பியதும் பேராயரான ஜக்ஸன் அதை மறுபடி ஆலயமாக்கினார். 1649இல் முதலாம் சார்லஸ் மன்னரைக் கொலைமேடையில் கடைசிவரை கூட இருந்து தேற்றியவர் இந்த ஜக்ஸன்தான்.

சேலம் வாசகர்: இத்தனை பெருமையுள்ள இடத்தை ஏன் விற்றார்கள்? வாங்கியவர் என்ன செய்தார்?

நிலத்தை முதலில் பார்க்க வேண்டும். கிராய்டனுக்குத் தெற்கே சுண்ணப்பாறைக் குன்றுகள். பெய்கிற மழையைப் பாறை உறிஞ்சிக்கொள்ளும். குன்று முடிகிற அடிவாரத்தில் அது ஊற்றாகக் கிளம்பும். வாண்டில் ஆறு பிறப்பது அப்படித்தான். அரண்மனை கட்டியது அந்த ஊற்றுகளுக்கு நடுவே. குடிக்க, மீன் வளர்க்க, அடுப்படி கழுவ நல்ல தண்ணீர் வாசலிலேயே கிடைக்கும் என்பதால் ஆதியில் தேர்ந்த இடம். அடைமழைக் குளிர்காலங்களுக்குப் பின் பாறைக்குள் நீர்மட்டம் உயர்ந்து, வழக்கமாக வறண்டு கிடக்கும் பள்ளத்தாக்கிலும் போர்ன் என்ற ஓடை திடீரென்று பாயும். கோடையில் தோப்பும் குளமுமாகக் குளுகுளுவென்றிருக்கும் இடம், மற்ற மாதங்களில் அடியிலிருந்து ஈரம் ஏறும் சுவர். மேலே எத்தனை பூசினாலும் பிரயோசனமில்லை, ஏனென்றால் நீர் வருவது கீழிருந்து.

18ஆம் நூற்றாண்டில் பேராயர் ஹெர்ரிங் செலவு செய்து பழுது பார்த்தார். அவருக்கு அடுத்த பேராயர் ஹட்டனோடு, 1758இல், பேராயர்கள் அங்கே குடியிருப்பது நின்றது. பூட்டிய வீட்டில் ஈரம் இன்னும் வேகமாக வேலை செய்யும். பீடத்துச் சொத்து என்பதால் விற்கத் தனிச் சட்டமே வேண்டியிருந்தது. 1780இல் பேராயர் கார்ன்வாலிஸ் அதை நாடாளுமன்றத்தில் நிறைவேற்றிக்கொண்டார். தாழ்ந்த, ஆரோக்கியமில்லாத இடம் என்பதுதான் சொன்ன காரணம். இருநூற்று நாற்பது ஆண்டுக்கு முன் ஹென்றி சொன்னதையே சட்ட நடையில் எழுதியிருக்கிறார்கள். ஆபிரகாம் பிட்சஸ் என்பவர் 2,520 பவுனுக்கு வாங்கினார்.

பேராயர்களை விரட்டிய தண்ணீர், துணி வெளுப்பவர்களை வா என்றது. பருத்தித் துணியில் அச்சிடவும் வெளுக்கவும் ஓடும் தெளிந்த நீர் வேண்டும், துணி விரிக்கப் புல்வெளி வேண்டும். அரண்மனையில் இரண்டும் தயாராக இருந்தன. பட்டறையாகவும் சலவைக்கூடமாகவும் அது மாறியது. வாண்டில் கரையில் இந்தத் தொழில் வேர்விட்டதில் நமக்கும் பங்குண்டு: சோழமண்டலக் கரையிலிருந்து போன சீட்டித் துணிக்கு அங்கே அத்தனை மோகம். கம்பளி, பட்டுத் தொழிலாளர்கள் கொதித்ததால் 1700இல் கிழக்கிலிருந்து வரும் அச்சுத் துணியைத் தடுத்தார்கள். வெள்ளைத் துணியை வாங்கி அங்கேயே அச்சிட ஆரம்பித்தார்கள். 1721இல் அதை உடுத்தவும் தடை. 1774இல்தான் தளர்ந்தது. அடுத்த ஆறாம் ஆண்டில் அரண்மனை ஏலத்துக்கு வருகிறது.

தொழிற்கூடமானதில் சேதம் நிறைய. 1830இல் பெரிய மண்டபத்தின் கிழக்குச் சுவர் சரிந்தது. ஆனாலும் வேலை நடக்கிற கட்டிடத்துக்கு யாராவது கூரை மாற்றுவார்கள். பயனில்லாமல் கிடந்திருந்தால் ராத்தம் கல்லைப் போல இதுவும் எங்காவது இன்னொரு சுவராகியிருக்கும். 1887இல் நியூகாசில் டியூக் வாங்கி, திருச்சபைச் சகோதரிகள் என்ற கன்னியர் சபைக்குக் கொடுத்தார். 1889இல் பெண்கள் பள்ளி தொடங்கியது.

கொழும்பு வாசகர்: உறவினர் வீட்டுக் கல்யாணம் அடிங்டன் அரண்மனையில் நடந்தது. பேராயர் அரண்மனை என்றார்கள். நீங்கள் சொல்வது அதுதானா?

இல்லை. இந்தக் குழப்பம் எல்லோருக்கும் வருகிறது. கிராய்டனை விற்ற பிறகு, 1807இல் பேராயர் மானர்ஸ்-சட்டனுக்காக வாங்கியது அடிங்டன். மூன்று மைல் தள்ளி, மேட்டில், காய்ந்த நிலம். பட்ட பாடு போதும் என்று நினைத்திருப்பார்கள். 1770களில் ஒரு வணிகர் குடும்பம் கட்டிய வெள்ளை மாளிகை அது; 19ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகள் வரை ஆறு பேராயர்கள் இருந்தார்கள். இடைக்கால மண்டபம், எலிசபெத், கைதி ராஜா எதற்கும் அங்கே இடமில்லை.

அரச உறவு அடிங்டனுக்கும் உண்டு, ஆனால் அடுப்படி வழியாக. வெற்றிவேந்தன் வில்லியம் தன் சமையல்காரன் தெசலினுக்கு அந்தப் பண்ணையைக் கொடுத்தார். பதிலுக்கு, முடிசூட்டு விருந்தில் அரசர் முன் ஒரு குழம்பு வைப்பது அந்த நிலத்தின் உரிமையாளருடைய கடமை. டிலிகிரௌட் என்று பெயர். பாதாம் பால், சேவல் மார்புக்கறி, சர்க்கரை, மசாலா, அரைவேக்காட்டில் எடுத்து நறுக்கிய கோழி என்று சேர்மானம் சொல்கிறார்கள். 1661இல் இரண்டாம் சார்லஸ் முன் கொண்டுபோய் வைத்தார்கள். ஏற்றுக்கொண்டார், சாப்பிடவில்லை. சர்க்கரை போட்ட கோழிக் குழம்பு என்றால் யாருக்குத்தான் மனசு வரும்!

இன்னொரு செய்தி சென்னைக்காரர்களுக்கு. மெட்ராஸின் முதல் பிஷப்பாக டேனியல் கோரி 1835இல் நியமிக்கப்பட்டபோது காண்டர்பரி பேராயர் வில்லியம் ஹௌலி. அவரது கோடை வாசம் அடிங்டனில். அடக்கம் செய்ததும் அந்த ஊர் ஆலயத்தில்தான்.

கிராய்டனில் வசிக்கும் வாசகி: பக்கத்திலேயே இருந்தும் உள்ளே போய்ப் பார்த்ததில்லை. எப்படிப் பார்ப்பது? எதைக் கவனிப்பது?

நேரே போய்க் கதவைத் தட்டினால் ஏமாற்றம்தான். பள்ளியாக இருந்த காலத்திலேயே வழிகாட்டியோடு சுற்றிக்காட்டும் சில நாட்களில் மட்டும் திறந்தார்கள். பள்ளியும் 2025இல் மூடப்பட்டுவிட்டது. சொத்து ஜான் விட்கிஃப்ட் அறக்கட்டளையுடையது; அவர்களிடம் சுற்றுலா நாள் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

வெளியூரிலிருந்து வருபவர்கள் ஈஸ்ட் கிராய்டன் ஸ்டேஷனில் இறங்கி, விம்பிள்டன் பக்கம் போகும் டிராமில் சர்ச் ஸ்ட்ரீட் நிறுத்தம் வரை போகலாம். வழியில் ஜார்ஜ் ஸ்ட்ரீட் முனையில் ஒரு சிவப்புச் செங்கல் கட்டிடத்தை டிராம் உரசிக்கொண்டு போகும். அது பேராயர் விட்கிஃப்ட் 1596 முதல் 1599க்குள் கட்டிய முதியோர் விடுதி. நிறுத்தத்திலிருந்து மேற்கே சில நிமிட நடை. மின்ஸ்டர் ஆலயக் கோபுரம்தான் அடையாளம். அதை ஒட்டி ஓல்டு பேலஸ் ரோட்டில் அரண்மனை.

பெரிய மண்டபத்துக்குள் போனதும் கூட்டத்தோடு நடுவுக்குப் போய்விடாதீர்கள். நுழைவு முகப்பு மண்டபத்தைவிடப் பழையது, 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் பேராயர் கோர்ட்னி காலத்தது. இந்த வகை மண்டபங்களில் நுழைகிற பக்கம் கீழ்க்கோடி. சமையல்கட்டும் பண்டசாலையும் அந்தப் பக்கம். எதிர்க்கோடி மேல்வரிசை, பேராயரும் அரசரும் உட்காரும் இடம். அண்ணாந்து பார்த்தால் மரக்கூரையின் கால்கள் சுவரில் நீட்டிய கல் தாங்கிகளில் இறங்கும். அந்தத் தாங்கிகளில் உள்ள கேடயங்கள்தான் வீட்டின் கணக்குப் புத்தகம். கேடயத்தை நெட்டுக்கு இரண்டாகப் பிரித்துப் படியுங்கள். உங்கள் இடப்பக்கப் பாதியில் ஆங்கில ஒய் எழுத்து போன்ற பட்டையும் சிறு சிலுவைகளும் இருந்தால் அது காண்டர்பரி பீடம். வலப்பக்கப் பாதி அந்தப் பேராயரின் குடும்பச் சின்னம். ஆக, எந்தப் பகுதியை யார் கட்டினார், யார் பழுது பார்த்தார் என்பதை வலப்பாதி சொல்லும். பிற்காலத்தில் பழுது பார்த்தவர்களும் தங்கள் கேடயத்தைப் பதித்திருப்பார்கள், ஆகவே கேடயத்தை மட்டும் வைத்துச் சுவரின் வயதைச் சொல்லிவிட வேண்டாம். அடுத்து அருண்டெல் பெயரோடு சேர்ந்த காவலர் அறை, பிறகு 15ஆம் நூற்றாண்டுச் செங்கல் சிற்றாலயம். மூன்றுக்கும் மூன்று விதக் கட்டுமானம்; கையை வைத்துப் பார்க்காமல் கண்ணால் ஒப்பிடுங்கள், பழைய செங்கல் உதிரும்.

அதே வாசகி: பேராயர்களின் கல்லறைகள் பக்கத்து ஆலயத்தில்தானா?

ஆறு பேருடையவை: கிரின்டல், விட்கிஃப்ட், ஷெல்டன், வேக், பாட்டர், ஹெர்ரிங். ஆனால் 1867 ஜனவரியில் ஆலயம் எரிந்துபோனது. கோபுரமும் வெளிச்சுவர்களும் மிஞ்ச, கில்பர்ட் ஸ்காட் பழைய சாயலிலேயே திரும்பக் கட்டி 1870இல் திறந்தார்கள். உள்ளே பழையது போலத் தெரிவதில் பெரும்பகுதி விக்டோரியா காலத்து வேலை. விட்கிஃப்ட்டின் கல்லறை பிற்பாடு செப்பனிடப்பட்டது, வண்ணத்தோடு முழுசாக இருக்கிறது. ஷெல்டனுடையது உடைந்த நிலையில். அதன் அடிப்பாகத்தில் மண்டையோடும் எலும்புமாகச் செதுக்கியிருப்பதைக் குனிந்து பார்க்க வேண்டும். அரண்மனைக்குத் தேதி கிடைக்காவிட்டாலும் ஆலயத்தைப் பார்க்கலாம். வழிபாட்டு நேரத்தைத் தவிர்த்துப் போங்கள்.